விதையின் உயிரும் டிஹைட்ரோஜனேஸ் நொதிகளும்

காங்கேயம் வட்டாரத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் கால்நடைகளுக்கு முக்கிய ஆகாரமாகும். வெள்வேல மரமும் கிளுவை வேலியும் அமைந்த இந்நிலங்கள் மழையையே நம்பியிருப்பவை. விதைப்புப் பொய்த்தால் அடுத்த மழை வரையில் காத்திருக்க வேண்டும். புதிதாய்ச் சேகரித்த கொழுக்கட்டை விதையோ உறக்க நிலையிலிருப்பதால், முளைப்புப் பரீட்சையில் பெரும்பாலும் முளையாது கிடக்கும். அது செத்த விதையா, உறங்கும் விதையா என்பதை, விதைக்குள்ளிருக்கும் டிஹைட்ரோஜனேஸ் நொதிகளைக் கொண்டு அறியலாம்.

ஒரு பொருளிலிருந்து ஹைட்ரஜனை நீக்கி, வேறொன்றிற்குக் கைமாற்றுவதே இந்நொதிகளின் தொழில். இதற்குத் துணைப்பொருள் ஒன்று அவசியம். 1906-ல் ஹார்டன், யங் என்னும் இருவர் ஈஸ்ட் சாற்றில் இத்தகைய துணைப்பொருளின் இருப்பைக் கண்டறிந்தனர். இந்நொதிகளை இரு வழிகளில் வகுக்கலாம்.

தொழிலைக் கொண்டு வகுத்தல்: 1961-ல் வெளியான சர்வதேச நொதிப் பாகுபாட்டில் இவை முதல் வகுப்பைச் சேர்ந்தவை. ஆல்கஹால், லாக்டேட், மாலேட் டிஹைட்ரோஜனேஸ்கள் ஆல்கஹால் தொகுதியின் மேல் வேலை செய்கின்றன. குளுட்டமேட் டிஹைட்ரோஜனேஸ் அமினோ தொகுதியின் மேலும், சக்சினேட் டிஹைட்ரோஜனேஸ் கரி அணுக்கள் இரண்டின் இணைப்பின் மேலும் வேலை செய்கின்றன. தண்ணீர் தேங்கிய மண்ணில் பிராணவாயுவின்றித் தவிக்கும் விதையில் சாராயம் உண்டாவது, ஆல்கஹால் டிஹைட்ரோஜனேஸ் எதிர்முகமாய் வேலை செய்வதாலாகும்.

துணைப்பொருளைக் கொண்டு வகுத்தல்: மாலேட் டிஹைட்ரோஜனேஸ் பெரும்பாலும் என்.ஏ.டி.யை நாடும், இது சுவாசத்தில் சக்தி பெறுவதற்கு உதவுவது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜனேஸ் என்.ஏ.டி.பி.யை நாடும், இது கொழுப்பு முதலியவற்றைக் கட்டுவதற்கு உதவுவது. இவ்விரண்டிலும் நியாசின் என்னும் வைட்டமின் அடங்கியுள்ளது. சக்சினேட் டிஹைட்ரோஜனேஸின் துணைப்பொருளாகிய எப்.ஏ.டி., ரிபோபிளேவினிலிருந்து உண்டாவது. அது நொதியை விட்டுப் பிரியாமல் ஒட்டியே இருக்கும்.

விதைப் பரீட்சை: ஜெர்மானியரான லாக்கன் 1942-ல் டெட்ரசோலியம் உப்பைக் கொண்டு தானிய விதைகளின் உயிரை அறியும் முறையை வெளியிட்டார். நிறமற்ற இவ்வுப்பு, நொதிகள் நீக்கிய ஹைட்ரஜனை ஏற்றுச் சிவந்த பார்மசானாக மாறும். உயிரற்ற திசுவில் சிவப்பு ஏறாது.

கொழுக்கட்டைக் கதிர்ப்பஞ்சில் பதர் அதிகமாதலால், முதலில் மணிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். அவற்றை ஓரிரவு நீரில் ஊறவைத்து, முளைக்கரு தெரியும்படி நெடுக்கே வெட்டி, 0.1 முதல் 1 சதவீதக் கரைசலில் வெளிச்சம் படாமல் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். கரு முழுவதும் சிவந்தால் விதைக்கு உயிருண்டு. சிவக்காவிடில் அது உதவாது. அரைகுறையாய்ச் சிவந்ததைப் பழகிய கண்ணே தீர்மானிக்க வேண்டும்.

சிவப்பு உயிரை மட்டுமே காட்டும். உடனே முளைக்கும் என்று உறுதி கூறாது. ஆகவே, சிவந்தும் முளையாத விதையைக் குடியானவர்கள் எறிந்துவிடாமல், உலர்ந்த இடத்தில் சில மாதங்கள் சேமித்து, மீண்டும் முளைப்புப் பார்த்து விதைப்பதே உத்தமம்.