ஆட்டு முட்டைக்கு ஹார்மோன் எதற்கு?

கசாப்புக் கூடத்தில் கழிக்கப்படும் செம்மறியாட்டுச் சினைப்பையிலும் உயிருள்ள கருமுட்டைகள் இருக்கின்றன. அவை நுண்ணறை என்னும் சிறு பைகளுக்குள் முதிராமல் அடங்கியிருக்கும். ஊசியால் உறிஞ்சியெடுத்து, ஊட்டக் கரைசலில் 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், அந்தத் தடை நீங்கிவிடும். ஹார்மோன் இன்றியே உட்கரு பிளவுறத் தொடங்கும். சுமார் 24 மணி நேரத்தில் 54 குரோமோசோம்கள் 27 ஆகக் குறையும்.

அப்படியானால் கரைசலில் ஹார்மோன் சேர்ப்பானேன்?

உட்கரு முதிர்ந்தால் மட்டும் போதுமா? கருவை வளர்க்கும் திறன் சைட்டோபிளாசத்துக்கும் வேண்டுமல்லவா? அதற்குத் துணைபுரிபவை முட்டையைப் போர்வைபோல் சூழ்ந்துள்ள சிறு செல்கள். பிட்யூட்டரிச் சுரப்பியின் எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோன் இச்செல்களைத்தான் தூண்டுகிறது. அவை பசைபோன்ற பொருளைச் சுரந்து, பஞ்சுபோல் உப்பி விரியும். நுண்ணோக்கியில் அது கண்கொள்ளாக் காட்சி! செல்கள் உரிந்துபோன முட்டைக்கு எவ்வளவு ஹார்மோன் ஊற்றினாலும் பெரும்பயன் இல்லை. ஆகவே ஆய்வாளர் முதலில் பொறுக்கியெடுப்பது போர்வை கலையாத முட்டைகளையே.