அணிற்பறழும் குருளையும்

நுழையும்முன்

வாக்குரிமை பதினெட்டாம் அகவையில் கிடைக்கிறது. குடிமைப் பண்போ அதற்கு நெடுங்காலம் முன்பே, விளையாட்டில் தன் முறைக்காகக் காத்திருக்கும் குழந்தையிடம் அரும்பத் தொடங்கிவிடுகிறது. அவ்வரும்பைப் பேணுவோர் யார்? ஒரு நூற்றாண்டைக் கடந்த சாரணர் இயக்கம் இதற்குக் கண்ட வழியை இப்பாடம் பேசுகிறது.

தம்பியரின் கோரிக்கை

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரௌன்சித் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர் கூடாரமிட்டுத் தங்கினர். செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து சிலரும் உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து சிலரும் வந்திருந்தனர். அவர்களை ஒரே முகாமில் தங்கவைத்தவர் பேடன் பவல். போர்க்களம் கண்ட படைத்தலைவராகிய அவர், அம்முகாமில் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கவில்லை. சமையல், முடிச்சுப் போடுதல், தடம் அறிதல் ஆகியவற்றையே கற்பித்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய நூல் வெளிவந்ததும் இயக்கம் நாடெங்கும் பரவியது.

அண்ணன்மார் சாரணராயினர், வீட்டிலிருந்த தம்பியர் சும்மா இருப்பரோ? தாமும் சேர வேண்டும் என்று அடம்பிடித்தனர். பெரியவர்க்கான பயிற்சியைச் சுருக்கித் தந்தால் போதும் என்று முதலில் கருதப்பட்டது. அது பயன்தரவில்லை. ஏழெட்டு அகவைக் குழந்தை சிறிய அளவிலான பெரியவன் அல்லன். அவனுக்கென்று தனி உலகம் உண்டு. இதனை உணர்ந்த பேடன் பவல், ருட்யார்டு கிப்ளிங்கின் இசைவோடு அவருடைய காட்டுக் கதைகளைப் பின்புலமாகக் கொண்டு 1916இல் ஓநாய்க் குருளையர் பிரிவைத் தொடங்கினார். அதன் கையேட்டை உருவாக்க வேரா பார்க்லே என்னும் பெண்மணி துணைநின்றார். அறுவர் அறுவராகச் சிறுவர் பிரிக்கப்பட்டனர். அவ்வறுவருள் ஒருவனே அவர்களுக்குத் தலைவன். எண்ணிப் பார்த்தால், பத்து அகவைகூட நிரம்பாதவன் ஐவர்க்குப் பொறுப்பேற்பது சிறு செயலன்று.

தெரியுமா?

தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்துரைக்கிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளமைக்குக் 'குருளை' என்பது பெயர். அணிலின் இளமையைக் 'குட்டி' என்றும் 'பறழ்' என்றும் வழங்கலாம்.

அடைக்கப்பட்ட கதவு

இந்தியாவில் 1909இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட சாரணர் படையில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே இடம் இருந்தது. தோழமையைக் கற்பிக்க வந்த இயக்கமே இம்மண்ணின் சிறுவரை வாயிலில் நிறுத்தியது. அதனைப் பொறாத அன்னி பெசண்ட், அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்க்கெனச் சென்னையில் ஒரு சாரணர் அமைப்பை உருவாக்கினார். விடுதலைக்குப்பின் பல அமைப்புகள் இணைந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. அதில் சிறுவர் 'குருளையர்' எனவும் சிறுமியர் 'நீலப்பறவையர்' எனவும் அழைக்கப்படுகின்றனர். அவர்களினும் இளைய மழலையர்க்கு முயற்குட்டியின் பெயரால் ஒரு பிரிவும் உண்டு.

அணில்களின் வருகை

பிரித்தானியாவில் நுழைவு அகவை படிப்படியாகக் குறைந்தது. வட அயர்லாந்தில் 1963இல் தோன்றிய 'நீர்நாய்' எனத் தமிழில் நாம் ஓரளவு பெயர்த்துச் சொல்லக்கூடிய பீவர் பிரிவு, 1986இல் ஆறு அகவையினர்க்காக நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. 2021 செப்டம்பரில் நான்கு அகவையினர்க்கான 'அணில்' பிரிவு அறிமுகமாயிற்று. கொரோனாப் பெருந்தொற்று மழலையரை வீட்டுக்குள் முடக்கியிருந்த காலம் அது. வசதி குறைந்த குடும்பங்கள் வாழும் பகுதிகளுக்கு முதன்மை தரவேண்டும் என்பதும் அதன் நோக்கமாக இருந்தது. சேது கட்ட மணல் சுமந்த அணிலை அறிந்து அவர்கள் இப்பெயரைச் சூட்டவில்லை. எனினும் பொருத்தம் நமக்கு வியப்பூட்டுகிறது.

வாரந்தோறும் கூடும் அச்சிறுபொழுதில் பாடநூல் இல்லை. குழந்தைகள் மண்ணைத் தோண்டி விதை ஊன்றுவர், இலைகளைச் சேகரிப்பர், கதை கேட்பர், சிந்திய வண்ணத்தைத் தாமே துடைப்பர். அன்புடனும் உதவும் மனத்துடனும் இருக்க இயன்றவரை முயல்வதாக உறுதி கூறுவர். இவற்றுள் எது குடிமைப் பயிற்சி? சீருடையும் வரிசையும் கண்ணுக்கு எளிதில் தெரிகின்றன. அவற்றைக் காட்டிலும், அடுத்து எவ்விளையாட்டு என்று கைகளை உயர்த்தித் தீர்மானிக்கும் நொடியே முதன்மையானது. தான் விரும்பிய விளையாட்டு தோற்றபின்பும் மற்றவரோடு சேர்ந்து விளையாடக் குழந்தை அங்கே கற்கிறது. மக்களாட்சியில் வளர்ந்தோர் பலர்க்கும் கடினமான பாடம் அது.

இதில் பெரியவர்க்குப் பொறுமை வேண்டும். காலணிக் கயிற்றைக் கட்டத் திணறும் குழந்தைக்கு நாமே கட்டிவிட்டால் ஒரு நிமிடம் மிச்சமாகும், திறன் வளராது. கையைக் கட்டிக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பதே அங்குக் கற்பித்தல்.

உம் அகவையினர்

இப்பணியில் பெரியவர் மட்டும் ஈடுபடுவதில்லை. பதினான்கு முதல் பதினெட்டு அகவை வரையிலான மூத்த சாரணர், இளந்தலைவர்களாகப் பயிற்சி பெற்று இளைய பிரிவுகளுக்குத் துணைபுரிகின்றனர். பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் நான்கு அகவைக் குழந்தையின் உயரத்திற்கு மண்டியிட்டுப் பேசும்போது, அதன் சொல் முடியும்வரை கேட்கப் பழகுகிறார். குழந்தை அவரைப் பார்த்துப் பேசக் கற்கிறது. ஆசிரியரிடம் காட்டும் அச்சமும் பெற்றோரிடம் காட்டும் பிடிவாதமும் இல்லாத உறவு அது. அண்ணன், அக்காள் உறவு.

ஊதியமின்றி நடைபெறும் இப்பணியின் வலுவும் நலிவும் தன்னார்வலரே. பிரித்தானியாவில் சேர விரும்பும் குழந்தைகள் பலர் இன்றும் காத்திருப்போர் பட்டியலில் உள்ளனர். வாரத்தில் சில மணி நேரத்தை ஒதுக்க முன்வருவோர் போதாமையால் புதிய குழுக்களைத் தொடங்க இயலவில்லை. நான்கு அகவைக் குழந்தைக்கு ஈராண்டுக் காத்திருப்பு என்பது அணில் பருவமே கடந்துபோகும் காலம்.