கித்துள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கலாமா?

கேள்வி: வத்தேகமவிலிருந்து பன்வில போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் சொந்தக் காணி இருக்கிறது. அதில் நிற்கும் கித்துள் மரங்களைச் சீவி இதுவரை பாணிதான் காய்ச்சி விற்றோம். நக்கிள்ஸ் மலை பார்க்க வருகிறவர்கள் கள் கேட்கிறார்கள். போத்தலில் அடைத்து விற்க வேண்டும், பிறகு சிறிதாகச் சாராயமும் வடிக்க வேண்டும் என்று மகன் நிற்கிறான். “வீட்டோடு செய்தால் யார் கேட்கப் போகிறார்கள்” என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டப்படி என்ன வழி ஐயா?
— வாசகி, வத்தேகம

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஊரார் சொல்வதை மகன் நம்ப வேண்டாம்.

சாராயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பேச அதிகம் இல்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடித்தால் அது கசிப்பு. உங்கள் காணி, உங்கள் மரம், அளவும் கொஞ்சம் என்று நீதவானிடம் சொல்லித் தப்ப முடியாது. வடிப்பதற்கென்று கோடாவும் பாத்திரமும் வைத்திருந்தாலே வழக்கு வரும். வடிசாலை அனுமதி என்பது பெரிய முதலீட்டுக்காரர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது, ஒரு வீட்டுக்கு எட்டாது. மகன் அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடட்டும்.

கள் விஷயம் அப்படியல்ல, அதில் யோசிக்க இடமுண்டு. ஆனால் கள்ளும் சட்டத்தின் பார்வையில் மதுதான். இறக்குவது ஒன்று, போத்தலில் அடைப்பது ஒன்று, விற்பது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. எனவே மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, கண்டி மதுவரி அலுவலகத்துக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதி நீதிமன்றத்தில் நிற்காது. அனுமதி கிடைத்தாலும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, போயா நாளில் விற்கக் கூடாது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்கிறது. சுற்றுலாப் பயணிகளை நம்பித் தொழில் தொடங்குகிறவர் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்: ரோட்டோரப் பலகையிலும் முகநூலிலும் கள்ளைக் காட்டி ஆள் கூப்பிட முடியாது.

இன்னொன்று, கள் போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். சூடாக்கிப் பதப்படுத்தாமல் மூடினால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும். வீட்டு அடுப்படியில் இதைப் பாதுகாப்பாகச் செய்வது கடினம்.

சிறிய உற்பத்தியாளருக்கு இந்தச் சட்டம் போதிய இடம் கொடுக்கவில்லை என்பது என் உறுதியான கருத்து. வடக்கில் பனை சீவியவர்கள் தவறணைக் குத்தகைக்காரர்களின் கையை எதிர்பார்த்து வாழ்ந்தார்கள். 1972இல் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் கள் விற்பனை அவர்கள் கைக்கு வந்தது. வடமராட்சியின் திக்கம் வடிசாலையும் அந்தக் கூட்டுறவு வழியில் வளர்ந்ததே. தனி ஆளால் முடியாத அனுமதி, பரிசோதனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரு சங்கம் சுமக்கும். தும்பறைப் பக்கத்துக் கித்துள்காரர்களுக்கும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும். தமிழ்நாட்டைப் பாருங்கள், 1987இலிருந்து அங்கே கள்ளே தடை. பனையேறிகள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வாசல் முழுதாக மூடப்படவில்லை. பக்கத்துக் காணிக்காரர்களோடு சேர்ந்து கூட்டுறவுத் திணைக்களத்தில் பேசிப் பாருங்கள்.

அதுவரை பாணியைக் கைவிடாதீர்கள். சாறு இறங்கிய சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். முட்டியில் ஹல் பட்டை போடுவதும் முட்டியைச் சுத்தமாக வைப்பதும் அதைத் தடுக்கத்தான் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சந்தையில் சீனிப்பாகு கலந்த ‘கித்துள் பாணி’ நிறைய ஓடுகிறது. கலப்பில்லாத பாணிக்கு வாங்குகிறவர்கள் தேடி வருவார்கள், அதை விளம்பரம் செய்யவும் தடையில்லை. வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி லேபல் ஒட்டுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே அழைத்து, பாணி காய்ச்சும் இடத்தைக் காட்டுங்கள். மலை பார்க்க வருகிறவர்களுக்கு மரம் சீவுவதையும் பாணி காய்ச்சுவதையும் காட்டி, அங்கேயே போத்தலை விற்கலாம்.

கள்ளுக்கான அனுமதி கையில் வரும்வரை ஒரு போத்தல்கூட விற்க வேண்டாம் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.