கோடை இன்டர்னுக்கு டெக்னிக்கல் ரைட்டிங் பழக்குவது எப்படி? மேற்பார்வையாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரி விடுமுறைக்கு ஆறோ எட்டோ வாரம் வேலை பழக வரும் மாணவரை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்களா? ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் மென்பொருளை முதன்முறையாகப் பார்க்கும் கண் அவருக்கு இருக்கிறது. குழுவில் வேறு யாருக்கும் அது இனி வாய்க்காது. இரண்டு வாரம் போனால் அவருக்கும் எல்லாம் பழகிவிடும். அதற்குள் அந்தக் கண்ணைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

1. வருவதற்கு முன்

லாகின், டெஸ்ட் அக்கவுண்ட், சந்தேகம் கேட்க ஒரு டெவலப்பர்: மூன்றும் தயாராக இருக்கட்டும். கொடுக்கப்போகும் வேலை சிறியதாக, ஆனால் உண்மையிலேயே வெளியாகக்கூடியதாக இருக்க வேண்டும். இன்ஸ்டலேஷன் பக்கம் நல்ல தொடக்கம்.

2. முதல் வாரம்: செய்து பார்க்கட்டும்

ஏற்கெனவே இருக்கும் வழிகாட்டியைக் கொடுத்து, அதன்படியே மென்பொருளை நிறுவச் சொல்லுங்கள். எங்கே தடுமாறினார், எங்கே ஊகித்தார் என்று அவரே குறித்துக்கொள்ளட்டும். பக்கத்தில் உட்கார்ந்தால் வாய் திறக்காதீர்கள், கஷ்டம்தான். “அதுவா, மேலே மெனுவில் இருக்கு பாரு” என்று சொன்ன நொடியிலேயே சோதனை கெட்டுவிடும். அவர் குறித்துவைத்த பட்டியலே அவருடைய முதல் வேலை.

3. ஒரே ஒரு நடைக் கையேடு

மைக்ரோசாஃப்ட், கூகுள் இரண்டின் கையேடுகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், போதும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்ற எளிய ஆங்கில விதித்தொகுப்பில், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. மென்பொருளுக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் கல்லூரி அசைன்மென்ட் நடையில் ஊறிய கைக்கு அது அருமையான பயிற்சி.

4. திருத்தம்: கேள்வியாகக் கேளுங்கள்

பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் சறுக்குவது இங்கேதான். மாணவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்:

“டெலீட் பட்டனை அழுத்தவும். பழைய தரவு வேண்டுமென்றால், அதற்கு முன் பேக்கப் எடுத்துக்கொள்ளவும்.”

வழிகாட்டியைப் படிப்பவர் படிக்கப் படிக்கச் செய்துகொண்டே போவார். இரண்டாவது வரிக்கு வரும்போது தரவு போயிருக்கும். நீங்களே வரிகளை மாற்றிப் போட்டால் அந்த ஒரு பக்கம் சரியாகும், அவ்வளவுதான். “முதல் வரியைப் படித்ததுமே ஒருவர் பட்டனை அழுத்திவிட்டால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். அவரே கண்டுபிடிப்பார். அடுத்த பக்கத்தில் நிபந்தனை தானாக முன்னால் வந்து நிற்கும்.

முதல் சுற்றில் தகவலையும் வரிசையையும் மட்டும் பாருங்கள். கமா, எழுத்துப்பிழை எல்லாம் அடுத்த சுற்றுக்கு. அனுப்பியதை அன்றைக்கே பார்த்துக் கொடுங்கள். குறுகிய பயிற்சியில் நான்கு நாள் காத்திருப்பது பெரிய இழப்பு.

ஏஐ கருவியில் எழுதலாமா என்று கேட்பார். நிறுவனம் அனுமதித்தால் மொழியைச் சீராக்க மட்டும் பயன்படுத்தட்டும். ஆனால் எந்தப் படியையும் தன் கையால் செய்து பார்க்காமல் எழுதக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

5. டெவலப்பரிடம் அனுப்பும்போது

முதல் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். “இது எப்படி வேலை செய்யுது?” என்று கேட்டால் அரைமணி நேர விளக்கம்தான் கிடைக்கும். “டோக்கன் காலாவதியானால் திரையில் என்ன வரும்?” என்று கேட்டால் எழுத வேண்டிய வரியே கிடைத்துவிடும்.

6. கடைசி வாரம்

புதிய வேலை எதுவும் வேண்டாம், எழுதியது வெளியாகட்டும். அடுத்த வேலைக்குப் போகும்போது அவர் காட்டப்போவது சான்றிதழை விட இந்தப் பக்கங்களைத்தான். எவற்றை வெளியே காட்டலாம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அவர் கிளம்புவதற்குள் கையில் கொடுத்துவிடுங்கள்.