பட்டறை இயந்திரமும் சூரியகலமும் பூட்ட முன் மெயின் போர்டைச் சரிபார்ப்போம்

மீள்குடியேறிய பல குடும்பங்கள் வாள், சீவுளி, வெல்டிங் இயந்திரங்களை வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் வைத்தே தொழிலை ஆரம்பிக்கின்றன. ஆனால் வீட்டு வயரிங் சில விளக்குகளுக்கும் ஒரு மின்விசிறிக்குமாகப் போடப்பட்டது. அதில் இயந்திரத்தைக் கொழுவினால் பிரேக்கர் விழும். "பெரிய பிரேக்கர் போட்டால் சரி" என்று சிலர் சொல்வார்கள். அது ஆபத்தானது. பிரேக்கர் காப்பது சுவரில் ஓடும் வயரை. வயரை மாற்றாமல் பிரேக்கரை மட்டும் பெரிதாக்கினால் வயர் சூடாகி உருகும். புதிதாகக் கட்டிய வீடே தீப்பற்றலாம்.

1. முதலில் கணக்குப் பாருங்கள்
வீட்டு மின்சாரம் 230 வோல்ற். 15 அம்பியர் இணைப்பில் 3,450 வாற்று வரையும், 30 அம்பியர் இணைப்பில் 6,900 வாற்று வரையும் எடுக்கலாம். 2 குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 10 அம்பியர் எடுக்கும். தொடங்கும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். அதே நேரம் தண்ணீர்ப் பம்பும் ஓடினால் 15 அம்பியர் போதாது. ஒரே நேரத்தில் ஓடுபவற்றை எழுதிக்கொண்டு மின் விநியோக அலுவலகத்துக்குச் சென்று, பெரிய இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

2. பட்டறைக்குத் தனி வயர்
மெயின் போர்டிலிருந்து பட்டறைக்குத் தடித்த தனி வயரும் தனிப் பிரேக்கரும் போடுவியுங்கள். 30 மில்லி அம்பியர் ரிப் சுவிட்ச் கட்டாயம் இருக்கட்டும். மின்சாரம் தாக்கும்போது உயிரைக் காப்பது அதுவே. மாதம் ஒருமுறை அதன் பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கூரையில்லாத வீட்டில் பல வருடம் நனைந்த பழைய வயரைத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

3. ஏர்த் கம்பி
இயந்திரத்தின் இரும்பில் கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோவது ஏர்த். கம்பியை நிலத்தில் அடிக்க முன், காணி கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என உறுதிசெய்யுங்கள். சந்தேகமான பொருள் தென்பட்டால் தொடாதீர்கள். வேலையை நிறுத்திப் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

4. சூரியகலம்
• மின் விநியோக லைனோடு இணைக்க முன் மின் விநியோக நிறுவனத்தின் அனுமதி பெற வேண்டும். வரும் மின்சாரத்தையும் போகும் மின்சாரத்தையும் அளக்கும் மீற்றரும் தேவை.
• லைனோடு இணைத்த, பற்றரி இல்லாத சூரியகலம், கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். லைனில் வேலைசெய்யும் ஊழியரைக் காக்கவே இந்த ஏற்பாடு. கரண்ட் இல்லாத வேளையிலும் பட்டறை ஓடும் என்று நம்பிக் கடன்பட வேண்டாம்.
• மெயின் சுவிட்சை நிறுத்தினாலும், வெயில் உள்ளவரை கூரையிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். "இரண்டு வழியால் மின்சாரம் வருகிறது" என்று போர்டில் எழுதி ஒட்டுங்கள்.

இந்த வேலைகளைத் தகுதிச் சான்றிதழ் உள்ள எலக்ரீசியனிடமே கொடுங்கள். இயந்திரம் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே இதற்கு ஒதுக்குங்கள்.

குடும்பமாகக் கலந்துபேசுங்கள்
• எங்கள் இணைப்பு எத்தனை அம்பியர்?
• ஒரே நேரத்தில் எவை ஓடுகின்றன?
• ரிப் சுவிட்சைக் கடைசியாக எப்போது பரிசோதித்தோம்?
• ஆபத்து நேர்ந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தப் பிள்ளைகளுக்கும் தெரியுமா?