சூதும் வாணிகமும்: ஒரு கணக்குப் பாடம்

ஏழு வியசனங்களுள் சூதை முதலில் வைத்து விலக்கினர் நம் ஆசாரியர்கள். வாணிகமோ, ஆதிபகவன் உலகோர்க்கு அருளிய அறுதொழில்களுள் ஒன்று.

சென்ற ஆண்டு தசலட்சணப் பருவத்தின்போது, என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் ஜினாலயத்தில் என்னைக் கண்டார். தம் குடும்பத்தின் இரண்டு ஏக்கர் நிலத்தை விற்று மரச்செக்கு நிறுவ எண்ணியிருந்தார். “அம்மா, சூதிலும் இழப்பு வரலாம், வாணிகத்திலும் வரலாம். ஒன்று வியசனம், மற்றொன்று தொழில் ஆவது எவ்வாறு?” என்று வினவினார். அவ்வினாவே இப்பாடத்தின் பொருளாகும்.

சூதின் கணக்கு

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த ஜைன கணித அறிஞர் மகாவீராசாரியார். அவர் தம் கணித சார சங்கிரகத்தில் ஒரு கணக்கைத் தந்துள்ளார். இருவர் தத்தம் சேவலின்மேல் பந்தயம் வைக்கின்றனர். மந்திரமும் மருந்தும் அறிந்த ஒருவன் அவர்களைத் தனித்தனியே காண்கிறான். முதலாமவனிடம், “உன் சேவல் வென்றால் உன் பந்தயப் பொருளை எனக்குத் தா, தோற்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கை நான் உனக்குத் தருவேன்” என்கிறான். இரண்டாமவனுக்கு இவ்வாறே நான்கில் மூன்று பங்கு தருவதாகக் கூறுகிறான். எச்சேவல் வென்றாலும் அவனுக்கு 12 பொன் ஆதாயம். பந்தயப் பொருள்கள் எவ்வளவு?

விடை 42, 40. முதற்சேவல் வென்றால் 42 பெற்று, 40-இல் முக்கால் பங்காகிய 30-ஐக் கொடுப்பான். மற்றது வென்றால் 40 பெற்று, 42-இல் மூன்றில் இரண்டு பங்காகிய 28-ஐக் கொடுப்பான். இரண்டிலும் மிச்சம் 12. சேவற்போர் இம்சையே, ஆயினும் இக்கணக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. சூதில் உறுதியான ஆதாயம் ஆடுவோனுக்கு அன்று, ஆட்டுவிப்போனுக்கே.

பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்தெடுக்கும் வகைகளை எண்ணும் பொது விதியையும் அவர் கூறியுள்ளார். அவ்விதிப்படி 49 எண்களில் ஆறினைத் தெரிந்தெடுக்க 1,39,83,816 வகைகள் உண்டு. வாரம் ஒரு சீட்டு வாங்குபவர் அத்தனை வகைகளையும் வாங்கி முடிக்கச் சற்றேறக்குறைய 2,68,900 ஆண்டுகள் ஆகும். தமிழகத்தில் பரிசுச்சீட்டு 2003-இல் தடைசெய்யப்பட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக நடுவண் அரசு 2025-இல் சட்டம் இயற்றியது. சட்டம் காக்கும் முன்னரே கணக்கு நம்மைக் காத்திருக்கலாம்.

வாணிகத்தின் கணக்கு

வாணிகத்திலும் வெற்றி அரிதாகலாம். எனினும் அங்கே அறிவும் உழைப்பும் வாய்ப்பைக் கூட்டும். விற்பவர், வாங்குபவர் இருவரும் பயன் பெறுவர். ஆயினும் எச்சரிக்கை வேண்டும். பத்தில் ஒரு பங்கே வெற்றி வாய்ப்பு, வென்றால் முதலைப்போல் இருபது மடங்கு வரும் எனக் கொள்வோம். சராசரி நோக்கில் இது நல்ல கணக்கே. ஆனால் பத்து முறை தனித்தனியே முயன்றும் ஒருமுறைகூட வெல்லாதிருக்க நூற்றுக்கு 35 வாய்ப்பு உண்டு. உள்ளதனைத்தையும் ஒரே முயற்சியில் வைத்தவர்க்கோ, வெறுங்கையராக நூற்றுக்கு 90 வாய்ப்பு. மீண்டும் முயல முதல் உள்ளவர்க்கே சராசரி உதவும்.

விரதம் தரும் வரம்பு

ஐந்தாம் அணுவிரதமாகிய பரிக்கிரக பரிமாணத்திற்கு இச்சா பரிமாணம் என்றும் பெயர். பொருள் வருமுன்னரே ஆசைக்கு வரம்பு கட்டுகிறோம். அவ்வாறே தொழில் தொடங்குமுன்னரே இழப்பிற்கும் வரம்பு கட்டுதல் வேண்டும். இழந்தபின் கட்டும் வரம்பு நில்லாது. இழந்ததை மீட்கும் வேட்கை அதனை உடைத்துவிடும். அந்நிலையில் வாணிகமும் சூதாகிவிடுகின்றது.

“அந்நிலத்தின் விளைச்சலைக் கொண்டு வாழ்பவர் யார்?” என்று அம்மாணவரிடம் கேட்டேன். “என் தாயார்” என்றவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் நிலத்தை விற்காமல், தம் சேமிப்பில் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்கி, பிறர் செக்கில் கூலி கொடுத்து எண்ணெய் ஆட்டி விற்று வருகிறார். ஆதாயம் இன்னும் சிறிதே, நிலம் இருக்கிறது.

சிந்திக்க

1. முதல் முழுதும் போனால், யாருடைய உணவு குறையும்?
2. நம் அறிவும் உழைப்பும் வெற்றி வாய்ப்பைக் கூட்டுமா?
3. நமக்கு வரும் ஆதாயம் பிறர்க்குப் பயன் தந்து வருவதா, பிறர் இழந்ததால் வருவதா?

இல்லங்களில் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றை ஆராய்வோமாக.