மனோரமாவின் நகைச்சுவை நடிப்பில் பேச்சு வழக்கும் பாத்திர ஆக்கமும்

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் களன்களாக நான்கினைச் சுட்டுகிறது. அவற்றுள் பேதைமையும் மடனும் அறியாமையைச் சார்ந்தவை. எள்ளல் பிறரை இகழும் திறத்தைச் சார்ந்தது. தமிழ்த் திரைப்படம் பெண்ணுக்கு வழங்கிய நகைச்சுவைப் பாத்திரங்கள் பெரும்பாலும் முன்னிரண்டில் அடங்கின. அவ்வெல்லையை மனோரமா (1937–2015) எவ்வாறு கடந்தார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாடகப் பின்புலம்

மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா, காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரில் வளர்ந்தார். வறுமை காரணமாக இளமையிலேயே மேடையேறிய அவருக்கு மனோரமா என்னும் பெயர் நாடக உலகிலேயே அமைந்தது. கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ (1958) அவரைத் திரைக்கு அறிமுகப்படுத்தியது. ‘கொஞ்சும் குமரி’யில் (1963) கதைத்தலைவியாக நடித்தபோதும், பின்னர் அவர் நிலைபெற்றது நகைச்சுவைப் பாத்திரங்களிலேயே ஆகும். ஒலிவாங்கியின் துணை குறைந்த மேடையில் பெற்ற குரற்பயிற்சியும், உடன்நடிப்பவரின் சொல்லுக்கு உடனே மறுமொழி தரும் பழக்கமும் அவரது திரை நடிப்புக்கு அடித்தளமாயின.

மொழியும் பாத்திரமும்

ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி ஒரு நாடக நடிகை. அவளது வெள்ளைப் பேச்சு சிரிப்பூட்டுகிறது. ஆயினும் அவள் ஏளனப் பொருளாவதில்லை. தன் கலைமீது அவள் கொண்ட பெருமிதமே நகைக்கு வாயிலாவதால், நகையும் பரிவும் ஒருங்கே எழுகின்றன. அதே ஆண்டில் வெளிவந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைப் பேச்சு வழக்கில் அமைந்த பாடலை அவரே பாடினார். விசு இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) படத்தில் வீட்டுப் பணிப்பெண் கண்ணம்மா அவ்வழக்கினையே கருவியாகக் கொள்கிறாள். கல்வியும் செல்வமும் உடையோர் வாயடைத்து நிற்க, பணிப்பெண்ணின் சொல் மேலோங்குகிறது. இங்கு நகை பேதைமையிலிருந்து எள்ளலுக்கு இடம்பெயர்கிறது, சிரிக்கப்படுபவள் சிரிக்கவைப்பவளாகிறாள். ‘சின்னக் கவுண்டர்’ (1992) படத்துத் தாய்ப் பாத்திரத்தில் கொங்கு வட்டாரப் பேச்சு அமைந்தது. இவ்வழக்குகளை அவர் வெறும் ஒலிப்போலியாகக் கையாளவில்லை. பேசுபவளின் தொழில், அகவை, சமூகநிலை ஆகியவற்றை உணர்த்தும் குறிகளாக்கினார்.

ஏற்பும் அதன் எல்லையும்

ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தமைக்காகக் கின்னஸ் நூலில் இடம்பெற்ற அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது ‘புதிய பாதை’ படத்திற்காகக் கிடைத்தது. 2002இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பெற்றது. தேசிய விருதினைப் பெற்றுத்தந்தது உருக்கமான குணச்சித்திரப் பாத்திரமே என்பது கருதத்தக்கது. மக்கள் அவரை ‘ஆச்சி’ எனக் கொண்டாடியது நகைச்சுவைக்காகவும்தான்; ஆயினும் அழுகையை உயர்ந்த நடிப்பாகவும் நகையை எளிய நடிப்பாகவும் கொள்ளும் மதிப்பீடு திறனாய்விலும் தொடர்கிறது. மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்த மரபுக்கு இம்மதிப்பீடு பொருந்துவதன்று.

முடிவுரை

மனோரமாவின் நகைச்சுவை, எளிய பெண்களின் பேச்சுக்குத் திரையில் தகுதி தேடித்தந்தது. அவரைப் படங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. அவர் கையாண்ட பேச்சு வழக்குகளைப் படந்தோறும் தொகுத்து ஆராய்வது, நடிப்பியலுக்கும் கிளைமொழி ஆய்வுக்கும் ஒருசேரப் பயன் தரும்.